வடகரையிலிருந்து வந்த பீர்க்கங்கூடு

சாரல் பிடித்துப் பதினோராவது நாள், எங்கள் வீட்டுச் செம்பில் குடித்த தண்ணீர் கருவாட்டுக் குழம்பாக மணத்தது. என் வீட்டுக்காரர் சங்கரபாண்டி தென்காசியில் போலீஸ்காரர். குடித்துவிட்டு, கள்ளன் எவனும் ஒளிந்திருக்கிறானா என்று பார்ப்பவர் போலச் செம்புக்குள் எட்டிப் பார்த்தார்.

"உள்ள என்னமோ செத்துக் கெடக்குட்டி குருவு," என்றார்.

எதுவும் சாகவில்லை. நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். பாத்திரம் தேய்க்கிற பீர்க்கங்கூடு. பீர்க்கங்காயைக் கொடியிலேயே முற்றிக் காயவிட்டுத் தோலை உரித்தால் வருமே நார்க்கூடு, அது. குற்றாலத்தில் அருவி விழுந்தால் மெட்ராசிலிருந்தெல்லாம் ஆள் வந்து சாரலை மெச்சிவிட்டுப் போகிறார்கள். அவர்களில் ஒருவரும் இங்கே பாத்திரம் தேய்ப்பதில்லை. ஆடி மாதம் இந்த ஊரில் எதை நனைத்தாலும் அது நனைந்தபடியேதான் இருக்கும்.

தூக்கிப் போட்டுவிட்டு வேறு எடுக்க வேண்டியதுதானே என்பீர்கள். அது என் மாமியார் பேச்சித்தாய் தந்தது. வடகரையில் அவர் வேலியில் காய்த்தது. எங்களைத் தனிக்குடித்தனம் வைத்த அன்று, "வருசத்துக்கு ஒரு கூடு போதும்ட்டி. ரெண்டாவது கேக்கவளுக்குக் குடும்பம் நடத்தத் தெரியலன்னு அர்த்தம்," என்று சொல்லிக் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை அவர் வருவதாகத் தகவல் வந்துவிட்டது.

மாமியாரின் மூக்கு வடகரையில் பேர்போனது. எந்த வீட்டுக்குப் போனாலும் செம்பை எடுப்பார், மூக்கருகே கொண்டுபோவார், கீழே வைப்பார். வாயைத் திறக்க மாட்டார். அந்த வீட்டுக்காரிக்கு அன்று சோறு இறங்காது. என் மூத்த ஓரகத்தி மாரித்தாயை ஒரு செம்புக்காக மூன்று மாதம் தாய்வீட்டில் கிடக்கவிட்டவர் அவர். என் அடுப்படியில் குறை கண்டால் என்னை வடகரைக்கே கூட்டிப்போய்விடுவதாகவும், மகன் கிளப்புக் கடையில் சாப்பிட்டுக்கொள்ளட்டும் என்றும் முதலிலேயே சொல்லியிருந்தார். அங்கே மூன்று ஓரகத்திகளுக்கு ஒரே அடுப்பு. எனக்கு என் அடுப்பு வேண்டும். குழம்புக்கு உப்புப் போட்டேனா என்று யாரும் எட்டிப் பார்க்காத அடுப்பு. அதை விட்டுவிட்டுப் போவதை நினைத்தாலே எனக்கு அழுகை வந்தது.

புதன்கிழமை கூட்டைச் சாம்பல் தண்ணீரில் கொதிக்கவைத்தேன். நாற்றம் வீடு முழுக்கப் பரவியது. எலுமிச்சைத் தோலைப் போட்டுத் தேய்த்தேன். எலுமிச்சை பிழிந்த கருவாடாக மணத்தது. அடுப்புக்கு மேலே புகையில் கட்டித் தொங்கவிட்டேன். அதன்பின் நடந்ததை நான் சொல்ல வேண்டியதில்லை.

வியாழக்கிழமை காலையில் அடுத்த வீட்டு ஹைருன் பீவி அக்கா வந்தாள். அவள் வீட்டுக்காரர் மசூதும் போலீஸ்தான். அக்கா கூட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள்.

"மேல மேல குளிப்பாட்டி என்ன செய்ய? வயித்துக்குள்ளல்லா கெடக்கு," என்றாள்.

அரிவாள்மணையில் அதை நீளவாக்கில் கீறினாள். உள்ளே எட்டு மாதக் குடித்தனமும் இருந்தது. சோற்றுப் பருக்கை, மீன் செதில், முருங்கை ஈர்க்கு, எண்ணெய்ப் பிசுக்கு. எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, துணி வெளுக்கிற காரம் போட்டுக் கொதிக்கவைத்துக் கல்லில் அடித்தோம். கறுப்பாகத் தண்ணீர் போனது. தண்ணீர் தெளிகிறவரை அடித்தோம். பிறகு அக்கா தன் பிள்ளைக்குத் தலை காயவைக்கிற சாம்பிராணிக் கூடையைக் கொண்டுவந்து தணலின் மேல் கவிழ்த்து, அதன் மேல் கூட்டை விரித்துப் போட்டாள். பிறந்த பிள்ளைக்குச் செய்கிற அத்தனையும் அதற்குச் செய்தாயிற்று, பெயர் வைக்கவில்லை. சாயங்காலம் அது மொறமொறவென்று காய்ந்திருந்தது.

வெள்ளிக்கிழமை மாமியார் ஒரு துணி மூட்டையோடு வந்து இறங்கினார். நேராக அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தார். நான் அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கிணற்றுக்குப் போனேன். இரண்டாவது வாளி இறைக்கும்போதே பால் தீய்கிற வாடை கிணற்றடிக்கு வந்துவிட்டது. போட்டது போட்டபடி ஓடினேன்.

பால் பொங்கி வழிந்து, அடியில் கருகிப் புகைந்துகொண்டிருந்தது. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு முழ தூரத்தில் மாமியார் இருந்தார். கையில் செம்பு. செம்பு மூக்குக்கு நேரே இருந்தது.

"அத்தை, பால் தீயுதே."

"எங்கன?" என்றார்.

நான் பாத்திரத்தை இறக்கினேன். அவர் திரும்பிப் பார்த்தார். செம்பை மெல்லக் கீழே வைத்தார்.

"எம்புட்டு நாளா அத்தை?"

"ஒம் புருசனுக்கு ஆறு வயசுல ஊரெல்லாம் வெசக் காச்சல் வந்துச்சுலா. காச்சல் போச்சு, மூக்கையும் கொண்டுட்டுப் போயிட்டு."

"பெறவு செம்ப மோந்து பாக்கது?"

"செம்பையா பாத்தேன்? செம்ப வச்சிருக்கவ மூஞ்சியப் பாப்பேன். நாறுனா மூஞ்சியில தெரியும்."

என் வீட்டுக்காரருக்குப் போலீஸ் புத்தி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

"அப்ப மாரித்தாய் அக்காவ எதுக்கு அனுப்புனீங்க?"

"கொழம்பு அடிபிடிக்கி, ஒங்களுக்கு வாடை தெரியலியான்னு நாலு பேரு இருக்கையில கேட்டுட்டா."

எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் பிள்ளை நடை பழகியதே தாய்வீட்டில்தான். "அது பாவம் அத்தை," என்றேன். வடகரையில் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"பாவந்தான்," என்றார்.

பிறகு மூட்டையை அவிழ்த்தார். உள்ளே, சேலைக்கு நடுவே, அவர் அடுப்படியில் கிடக்கிற பீர்க்கங்கூடு. அவிழ்க்கும்போதே நான் இரண்டடி தள்ளிப் போயிருந்தேன்.

"இப்பம்லாம் எம் மருமகளுவ தண்ணி குடிக்கையில மூச்சப் புடிச்சிக்கிட்டுக் குடிக்காளுவ. இது நாறுதா? பொய் சொல்லாத."

"நாறுது அத்தை. எங்கூடு நாறுனதெல்லாம் ஒண்ணுமே இல்ல."

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு பேரு இருக்காளுவ. ஒருத்தியும் சொல்லலியே."

"யாரு சொல்லுவா அத்தை?"

அவர் கூட்டை என் பக்கம் தள்ளிவைத்தார். அரிவாள்மணையை எடுத்து அவர் கூட்டையும் கீறினேன். காரம் போட்டுக் கொதிக்கவைத்தேன். கல்லில் அடிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றினார்.

மத்தியானம் என் வீட்டுக்காரர் வந்தார். "ஆத்தா, அடுப்படி எப்படி இருக்கு? இவளக் கூட்டிட்டுப் போறியா?"

"அவ இங்கனயே இருக்கட்டும்," என்றார் மாமியார்.

மகன் கை கழுவப் போனதும் குரலைத் தாழ்த்தினார். "அங்கன வந்துட்டா நீயும் சொல்ல மாட்டே."

சாம்பிராணிக் கூடையின் மேல் காய்ந்துகொண்டிருந்த தன் கூட்டை எடுத்தார். பழக்கதோஷத்தில் மூக்கருகே கொண்டுபோனார். பாதியில் நிறுத்தி, என் மூக்குக்கு நேரே நீட்டினார்.