பாலம் வந்துருச்சும்மா

ஆஸ்பத்திரி வாசலில் என் அண்ணன் சுவீ ஹின் மூன்று தீக்குச்சிகளை வீணாக்கினான். நாலாவதில்தான் ஊதுவத்தி பற்றியது. அதை அரிசி நிரப்பிய மைலோ டின்னில் குத்தி, டின்னை இரண்டு கைகளாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நான் கறுப்புக் குடையை விரித்து அதற்கு மேலே பிடித்தேன். மழையும் இல்லை, இன்னும் விடியவும் இல்லை. ஆனாலும் இறந்தவர்கள் நடக்கும்போது தலைக்கு மேல் வானம் தெரியக்கூடாது.

"கூப்பிடு," என்றேன்.

"என்னன்னு கூப்பிடறது, பீ கியோக்?"

"அறுபத்திரெண்டு வயசாச்சு. பெத்தவளை எப்படிக் கூப்பிடறதுன்னு நான் சொல்லித் தரணுமா?"

தொண்டையைச் செருமினான். "அம்மா. நான்தான், சுவீ ஹின். வீட்டுக்குப் போலாம் வா."

அம்மா இங்கே இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அது தொற்றுக்காலம். உடம்பைக் கண்ணில்கூடக் காட்டவில்லை. சாம்பலாகத்தான் கைக்கு வந்தாள். பாபா, நோன்யா என்று ஊர் அழைக்கும் எங்கள் சீன வம்சத்தில் ஒருவர் வீட்டுக்கு வெளியே இறந்தால் மூத்த மகன் போய் ஊதுவத்தி ஏந்தி, வழி சொல்லிச் சொல்லி ஆவியை அழைத்து வரவேண்டும். திருப்பம் வந்தால் திருப்பம் என்று சொல்லவேண்டும், பாலம் வந்தால் பாலம் என்று சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடுவார்கள். எங்கள் மூத்த மகனோ சிங்கப்பூரில் இருந்தான். எல்லையை மூடினார்கள், சரி. திறந்து ஒரு வருஷம் ஆன பிறகும் அவனுக்கு வேலை ஒழியவில்லை. அம்மா இந்த வாசலில் யார் யார் முகத்தையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று நினைத்து நினைத்து நான் தூங்காத ராத்திரிகளை அவன் அறியமாட்டான்.

எனக்கு இன்னொரு உறுத்தலும் இருந்தது. அம்மாவுக்குக் காது மந்தம். உதட்டைப் பார்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்வாள். அவளை ஸ்ட்ரெச்சரில் ஏற்றியபோது, "நீ வரலையா?" என்று என்னைக் கேட்டாள். நான் முகக்கவசத்துக்குள்ளிருந்து பதில் சொன்னேன். அவளுக்கு என் உதடு தெரியவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்திவிட்டார்கள்.

நடந்தோம். என் தோளில் அம்மாவின் நீலக் கெபாயாச் சட்டை கிடந்தது, அவளுக்கு அடையாளம் தெரிவதற்காக. முதல் திருப்பத்தில் அண்ணன், "வலது பக்கம்மா," என்று கூச்சத்தோடு சொன்னான். இரண்டாவதில் கொஞ்சம் துணிந்தான். அதற்குள் பள்ளிவாசலில் தொழுகை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். குடையையும் ஊதுவத்தியையும் பார்த்ததும் ஒரு கிழவர் தன் மோட்டார் சைக்கிளை ஓரம் கட்டி எங்களுக்கு வழிவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. மலாக்காவில் கேட்கமாட்டார்கள்.

புக்கிட் சீனா வந்தபோது கிழக்கு வெளுத்தது. அந்தக் குன்று முழுக்கக் கல்லறைகள், எங்கள் ஆட்கள்தான், ஐந்நூறு அறுநூறு வருஷமாகப் படுத்திருக்கிறார்கள். தினமும் சந்தைக்குப் போகும் வழியில் பார்க்கிற குன்றுதான். அன்றைக்கு அதன் புல்நுனி ஒவ்வொன்றிலும் வெளிச்சம் ஏறியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை பேரையும் யாரோ ஒருவர் இப்படி ஊதுவத்தி பிடித்து, பேர் சொல்லி அழைத்து வந்திருக்கிறார்களே என்று நினைத்தேன். கால் தானாக மெதுவாயிற்று.

"அம்மா, இங்க திரும்பிடாதே," என்றான் அண்ணன் பதற்றமாக. "அப்பா இங்க இல்ல, தெரியும்ல? நேரா வா."

"அவளுக்குத் தெரியாததா? வருஷா வருஷம் உன் பங்குக்கும் சேர்த்து அப்பா சமாதியில புல் செதுக்கினவளே அவதான்."

"காலைலயே ஆரம்பிச்சிட்டியா?"

"இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிச்சா நீ தாங்கமாட்டே."

முதல் ஊதுவத்தி தீரும் முன் அதன் நெருப்பிலேயே அடுத்ததைப் பற்றவைத்தோம். எங்கும் வெளிச்சம் பரவிவிட்டது. ஆவியில் வெந்துகொண்டிருக்கும் பாவ் ரொட்டி மணம், ஷட்டர் தூக்கும் சத்தம், ஓடுகளின் மேல் புறாக்கள். அண்ணனின் குரல் சரளமாகிவிட்டது. "இது அந்தக் கடிகாரக் கடை இருந்த இடம்மா, இப்ப போன் விக்கிறான். இங்கதான் நான் சைக்கிள்லேர்ந்து விழுந்தேன்." அவன் சொல்லச் சொல்ல நானும் பார்த்தேன். ஐம்பத்தெட்டு வருஷம் இந்த ஊரில் இருந்திருக்கிறேன். ஜன்னல்களுக்கு மேலே பீங்கான் துண்டுகளில் செய்த மயில் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். யாரோ சாரத்தில் நின்று, கீழே போகிற ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கமாட்டார் என்று தெரிந்தே, அதன் ஒவ்வொரு இறகையும் பதித்திருக்கிறான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

சிவப்புத் தேவாலயத்துச் சதுக்கத்தில் அதற்குள் ஒரு பஸ் நிறையச் சுற்றுலாக்காரர்கள் இறங்கியிருந்தார்கள். பொம்மையும் பிளாஸ்டிக் பூவும் ஜோடித்த டிரைஷா சைக்கிள் ரிக்ஷாக்கள் வரிசையாகப் பாட்டை அலறவிட்டுக்கொண்டிருந்தன. ஒரு பெண் எங்களுக்கு நேராகப் போனை நீட்டினாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தான். பாலத்தின் மேல் அவன் உதடு அசைந்ததைப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சொல்லிவிட்டான் என்று நம்பிக் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

ஹீரன் தெருவில் எங்கள் வீடு. சாமிமேடைக்கு முன்னால் டின்னை வைத்தோம். அண்ணன் இரண்டு காசுகளை உள்ளங்கையில் மூடி, "அம்மா, வந்து சேர்ந்துட்டியா?" என்று கேட்டுத் தரையில் போட்டான். ஒன்று பூவும் ஒன்று எண்ணுமாக விழுந்தால் ஆமாம். இரண்டும் எண்ணாக விழுந்தால் இல்லை.

இரண்டும் எண்.

இன்னொரு முறை போட்டான். இரண்டும் எண். மூன்றாவது முறை ஒரு காசு நாற்காலிக்கு அடியில் உருண்டு போயிற்று. நான் குனிந்து பார்த்தேன். அதுவும் எண்தான்.

"எங்க விட்டே அவளை?" என்றேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

அவன் தரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "பாலத்துல," என்றான். "எல்லாரும் பாத்தாங்க, பீ கியோக். போன்ல படம் வேற. வெட்கமா போச்சு. வாய்க்குள்ளயே சொல்லிட்டேன்."

"காது கேக்காதவகிட்ட வாய்க்குள்ள சொன்னியா?"

"மனசால சொன்னா போதும்னு நினைச்சேன்."

"ரெண்டு வருஷமா மனசாலதானே எல்லாம் செஞ்சே!"

அது ரொம்பவே அதிகம். சொன்னதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவன் கோபப்படவில்லை. ஊதுவத்தி பாதிக்கு மேல் எரிந்திருந்தது. டின்னைத் தூக்கினான். "குடையை எடு," என்றான்.

திரும்பிப் போகும்போது வெயில் ஏறியிருந்தது. கடல் ஏற்றத்தில் ஆறு நிறைந்து தண்ணீர் கரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் பாலத்தைக் கடந்து சதுக்கத்துப் பக்கம் போய், திரும்பி வீட்டுப் பக்கம் பார்த்து நின்றான். டிரைஷாக்காரர் லேமான் எங்களை அடையாளம் கண்டுகொண்டார். அம்மாவை வாரா வாரம் சந்தைக்கு ஏற்றிப்போனவர்.

"என்ன நோன்யா, ரெண்டாவது தடவை?"

"அம்மா பாலத்துல நின்னுட்டாங்க, லேமான் அண்ணே. இவன் சத்தமா கூப்பிடல."

அவர் என் அண்ணனை ஏற இறங்கப் பார்த்தார். "காது கேக்காத மனுஷி ஆச்சே, பாபா," என்றார். பிறகு கையை நீட்டித் தன் வண்டியின் பாட்டை நிறுத்தினார். அடுத்த வண்டிக்காரனைப் பார்த்து ஒரு அதட்டல். அவனும் நிறுத்தினான். ஒவ்வொன்றாக அந்த வரிசை முழுக்க வாயை மூடியது. மலாக்காச் சதுக்கத்தில் அந்த நேரத்துக்கு அப்படியொரு நிசப்தத்தை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை. பாலத்துக்கு அடியில் தண்ணீர் நகரும் சத்தம் கேட்டது.

"அம்மா!" என்று கத்தினான் என் அண்ணன். "அம்மா! பாலம் வந்துருச்சு! நான் வெட்கப்பட்டு உன்னை விட்டுட்டுப் போயிட்டேன்! என் கையைப் பிடிச்சிக்க! இது பாலம்மா, மேடா இருக்கும், மெதுவா வா! கீழ ஆறு! தண்ணி நிறைஞ்சிருக்கு!"

அறுபத்திரெண்டு வயது ஆள், சிங்கப்பூர்ச் சட்டையோடு, நடுப்பாலத்தில் வாய்விட்டு அழுதுகொண்டே கத்தினான். போனை நீட்டியிருந்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். பழக்கடை அம்மாள் ஒருத்தி இரண்டு கையும் கூப்பினாள். லேமான் தன் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். கீழே படிக்கட்டில் வெயில் காய்ந்த உடும்புகூட அசையவில்லை. எனக்கும் அண்ணனுக்கும் நடுவில் இத்தனை பேரும் குறுக்கே வராமல் விட்டுவைத்திருந்த ஓர் ஆள் இடத்தில் என் அம்மா நடக்கிறாள் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. ஊரே அவளுக்காக நிற்கிறது. இதைப் பார்க்கத்தான் அவள் பாலத்தில் நின்றாளோ என்றுகூடத் தோன்றியது.

அவன் கத்துவதை நிறுத்தவில்லை. ஜோங்கர் தெருத் திருப்பம், முடிதிருத்தும் கடைத் திருப்பம், எல்லாவற்றுக்கும் கத்தினான். எங்கள் வாசலில், "நிலைப்படி உயரம்மா! காலைத் தூக்கி வை!" என்றான்.

காசைப் போட்டான். ஒன்று பூ. ஒன்று சுழன்று சுழன்று விழுந்தது. எண்.

அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். நான் கெபாயாவை அம்மாவின் நாற்காலியில் போட்டு, அதற்கு முன்னால் மண்டியிட்டேன். என் உதடு அவளுக்கு நன்றாகத் தெரியும்படி முகத்தை நிமிர்த்திக்கொண்டேன்.

"என்னை உன்கூட விடமாட்டாங்களாம்னு சொன்னேம்மா!" என்று தெரு முழுக்கக் கேட்கக் கத்தினேன். "அன்னைக்கு அதைத்தான் சொன்னேன்! வரமாட்டேன்னு சொல்லலம்மா!"