மொராக்கோக்காரன் தோற்ற கதை

1

ஒரு பலகையைப் படித்ததால் வந்த வினை இந்தக் கதை. பாளையம்பட்டியில் ஒரு சின்னக் கடை வாசலில் எழுதியிருந்தது: ‘தாய்லாந்து சூப்பு, லெபனான் கடலைத் துவையல், இத்தாலி சேமியா. பரோட்டா கிடையாது.’ அருப்புக்கோட்டைப் பக்கத்தில் இப்படி எழுத ஒரு துணிச்சல் வேண்டும். கடைசி வரிக்காகவே உள்ளே போனேன். சமைத்தவரையும் அவர் மனைவியையும் பார்த்தேன். மற்றதெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘கடல் கடந்த சுவைகளின் வாசம் கரிசல் காற்றில் கலந்து...’

(வேண்டாம். காற்றில் தூசிதான் இருந்தது.)

2

மாதவன் பயணிகள் கப்பலில் சமையல்காரன். கடும் காய்ச்சல் கண்டு, வேலையை விட்டு ஊருக்கு வந்தான். வந்ததிலிருந்து, மனைவி செல்லக்கிளி எதைப் பரிமாறினாலும் ஒரு நாட்டைத் துணைக்கு அழைத்தான்.

ரசம் என்றால் தாய்லாந்து. “அவுக தேங்காப்பாலு ஊத்துவாக. ஆனா நம்ம ரசம்தான் நெஞ்சுக்குள்ள எறங்கும்.” துவையல் என்றால் லெபனான். “எள்ளு அரைச்சுச் சேப்பாக. அதுல அவுகதான் ஒசத்தி.” பக்கத்து ஊரான வீரசோழன் கல்யாணப் பிரியாணிக்கு ஈரானில்கூட ஜோடி இல்லை என்று தீர்ப்பே சொன்னான்.

செல்லக்கிளிக்கு அந்த நாடுகளெல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி ஆகிவிட்டன. வருவார்கள், குறை சொல்வார்கள், பாத்திரம் கழுவ மாட்டார்கள்.

3

ஒருநாள் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பில் உப்புப் போட மறந்தாள். மாதவன் மறுசோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, “மொராக்கோக்காரன் தோத்தான்” என்றான். அவள் ஒரு வாய் வைத்துப் பார்த்தாள். சப்பென்றிருந்தது.

மறுநாள் வேண்டுமென்றே உப்பை அள்ளிப் போட்டாள்.

“இன்னிக்கு?”

“இன்னிக்கும் தோத்தான்.”

(இந்த இடத்தில் ‘அவள் அழுதாள்’ என்று எழுதி அடித்துவிட்டேன். அந்தக் குழம்பைத் தின்றவள் தண்ணீர்தான் குடிப்பாள்.)

காய்ச்சல் அவன் நாக்கையும் மூக்கையும் கொண்டுபோயிருந்தது. இத்தனை நாளும் ஞாபகத்தை ஞாபகத்தோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தான். அதற்குள் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை போட இடம் பிடித்து, பலகையும் மாட்டியாகிவிட்டது.

4

கடை திறக்கிற நாள். இத்தாலி சேமியாவுக்கான தக்காளிச் சாறு கொதித்தது. கரண்டியில் எடுத்தவன் வாயருகே கொண்டுபோய் அப்படியே நின்றான். செல்லக்கிளி அதை வாங்கி ருசி பார்த்தாள்.

“உப்புப் பத்தல.”

“நீ இத்தாலி சேமியா தின்னுருக்கியா?”

“இல்ல. இத நீங்க தின்னு பாத்தீகளா?”

மாதவன் அடுப்பை விட்டு அவள் பக்கம் திரும்பினான்.

“எப்பத் தெரியும்?”

“புளிக்குழம்பு அன்னிக்கே.”

“கேட்டிருக்கலாம்ல.”

“நீங்களே சொல்வீகன்னு இருந்தேன்.”

அவன் இன்னொரு கரண்டி அள்ளி அவளிடமே நீட்டினான். பிறகு மெதுவாக, “மொதல்ல புளிப்பு வரணும், கிளி. அதுக்குப் பின்னால லேசா ஒரு இனிப்பு” என்றான்.

அவள் மறுபடி நக்கிப் பார்த்தாள். “புளிப்பு வந்துருச்சு. இனிப்பக் காணோம்.”

“வெங்காயம் இன்னும் வதங்கணும். தீயக் கொற.”

5

முடிவுகள்.

அ. கடை ஓகோவென்று ஓடியது. (நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை.)

ஆ. ஒரு காலையில் அவனுக்கு ருசி திரும்பி, முதன்முதலாக அவள்...*

* இதை எழுத ஆசைதான். எழுதினால் பொய்.

இ. நான் அங்கே இருந்தபோது சாப்பிட்டவர் ஒருவர் கேட்டார்: “ஏண்ணே, இத்தன நாட்டுல எவுக சாப்பாடு ஒசத்தி?” மாதவன் செல்லக்கிளியின் முகத்தைப் பார்த்தான். அவள் அப்போதுதான் ஒரு கரண்டியை வாயில் வைத்திருந்தாள். கடையில் எல்லோரும் காத்திருந்தோம்.

அவள் இன்னும் விழுங்கவில்லை. அவசரப்படுகிறவர்கள் பதிலாகத் தங்கள் ஊர்ப் பெயரை எழுதிக்கொள்ளலாம்.