விட்டது வந்து உட்காரும் வகுப்பு

என் தம்பி செழியனின் கருமாதி முடிந்த மறுநாள் சாயங்காலம், அரசு வேலையில் சேர்ந்திருந்த செழியன் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தான். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. இறந்துபோன செழியன் அந்த வேலையில் சேரவே இல்லை. அம்மா எதுவும் கேட்காமல் தட்டு வைத்தாள். அவன் எவ்வளவு சாப்பிட்டாலும் தட்டில் சோறு குறையாது என்பதால் வீட்டுச் செலவு கூடவில்லை.

செழியன் எம்.ஏ. பொருளாதாரம் முடித்த வருஷம் இரண்டு உத்தரவுகள் எங்கள் ஊர் அடி அண்ணாமலைக்கு வந்து சேர்ந்தன. ஒன்று, வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. மற்றது, அவன் படித்த கல்லூரியிலேயே முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம். அதற்குக் கிடைக்கும் உதவித்தொகைக்கு ஈடாகப் பேராசிரியர் சோமநாதன் நடத்தும் பொருளாதாரக் கொள்கைப் பாடத்துக்குக் கற்பித்தல் உதவியாளராக இருக்க வேண்டும். செழியன் இரண்டாவதை எடுத்துக்கொண்டான். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். கவர்மெண்ட் வேலையை வேண்டாமென்று சொன்ன மகராசனைப் பெற்றிருப்பதாக ஏறுகிற சவாரிகளிடமெல்லாம் சொன்னார். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. நாளாக ஆக, அவனிடம் பேசுவதே நின்றுபோனது.

திங்கட்கிழமை சோமநாதன் பாடம் நடத்துவார். அதில் புரியாமல் போனதையெல்லாம் செவ்வாய்க்கிழமை செழியன் திரும்பச் சொல்ல வேண்டும். விடைத்தாள்களையும் அவன்தான் திருத்துவான், ஆனால் பென்சிலில். அதன்மேல் பேராசிரியர் சிவப்பு மையால் எழுதினால்தான் அது மதிப்பெண். பிள்ளைகளுக்கு வாய்ப்புச் செலவு என்ற பாடம் ஏறவில்லை. ஒரு கொள்கையின் விலை அதற்குச் செலவான பணம் அல்ல, அதற்காக நாம் கைவிட்ட அடுத்த நல்ல காரியம் என்று விளக்கினான். பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்காக விடும் பஸ் அன்றைக்கு எந்த ஊருக்குப் போகாமல் நின்றது என்று கேட்டான். பிள்ளைகள் அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். கடைசியில், "சரி, இப்ப இந்த ரூம்ல இல்லன்னா நீங்கல்லாம் எங்க இருப்பீங்க?" என்றான். "எங்க மாமனுக்குக் கட்டிக்குடுத்து இடுப்புல ஒண்ணு, கையில ஒண்ணு இருந்திருக்கும் சார்" என்றாள் ஆர்த்தி. "நான் கம்பெனி பஸ்ல தூங்கினு இருப்பேன்" என்றான் ஒருவன். "இங்க மட்டும் இன்னா பண்றே?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. எல்லோரும் சிரித்தார்கள். பாடம் புரிந்துவிட்டது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலியாக இருக்க வேண்டிய பின் பெஞ்சுகள் நிறைந்திருந்தன. தாலியோடும் இரண்டு குழந்தைகளோடும் இன்னோர் ஆர்த்தி உட்கார்ந்திருந்தாள். கம்பெனிச் சீருடைக்காரன் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கினான். யாரும் யாரையும் தொந்தரவு செய்யவில்லை. சோமநாதன் வந்து எட்டிப் பார்த்தார். "இவாளுக்கெல்லாம் அட்டெண்டன்ஸ் போட்டுடாதீங்கோ செழியன், ஆடிட்ல மாட்டிப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்து வந்த வாரங்களில் ஒன்றில் செழியன் கைவிட்டதும், அரசு வேலையில் சேர்ந்த இன்னொரு செழியனாக, வந்து சேர்ந்தது. கொஞ்சம் தொப்பை போட்டிருந்தது, சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது. இருவரும் கேண்டீனில் சேர்ந்து டீ குடித்தார்கள்.

விஷயம் அப்பா காதுக்கு எட்டியது. அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் கல்லூரி வாசலில் ஆட்டோவை நிறுத்தி, வேலையில் இருந்தவனை மட்டும் ஏற்றிக்கொண்டு சுற்றினார். "இன்னாப்பா, ஆபீசுல வேலை ஜாஸ்தியா?" என்பார். "கம்மிதாம்பா. லோன் போட்டு இடம் வாங்கலாம்னு இருக்கேன்" என்பான் அவன். அப்பா தொடையைத் தட்டிச் சிரிப்பதை ஊரே பார்த்தது. செழியனும் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறான். "அவன் நல்லவன்தான்க்கா" என்று ஒருமுறை என்னிடம் சொன்னான். "நான் பேச வேண்டியதெல்லாம் அவன் பேசிடறான். எனக்குத்தான் ஒண்ணும் மிச்சம் இல்ல."

ஐப்பசியில் மலையே தெரியாதபடி மழை கொட்டிய ஒரு செவ்வாய்க்கிழமை, விடைத்தாள் கட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி அணைத்தபடி செழியன் வாசலில் நின்றிருந்தான். ஆட்டோ வந்தது. மற்றவன் ஏறினான். அப்பா கண்ணாடியில் செழியனைப் பார்த்தார், வண்டியைக் கிளப்பினார். பஸ் நிறுத்தத்துக்கு நடந்துபோனவனை மழையில் லாரிக்காரன் பார்க்கவில்லை. பை கிழியாததால் விடைத்தாள்கள் நனையவில்லை. சோமநாதன் மதிப்பெண் போட உட்கார்ந்தார். பென்சில் எழுத்தின்மேல் சிவப்பு மை பிடிக்கவில்லை. அந்த வருஷம் பென்சில் மதிப்பெண்களையே கல்லூரி ஏற்றுக்கொண்டது.

தன்னை விட்டவன் போனபின் மற்றவனுக்குப் போக வேறு இடமில்லை, எங்கள் வீட்டுக்கு வந்தான். அப்பா ஆசைப்பட்ட பிள்ளை அப்படியே கிடைத்துவிட்டான். அவனை எதிரே உட்காரவைத்து, "அவன் நடத்தின பாடம் இன்னாப்பா, எனக்குச் சொல்லேன்" என்று கேட்டார். "எனக்கு எப்படிப்பா தெரியும்? நான்தான் படிக்கலியே" என்றான் அவன். அன்றிலிருந்து அப்பாவின் சிரிப்புச் சத்தத்தை நாங்கள் கேட்டதில்லை.

அடுத்த வருஷம் ஆர்த்தியும் ஆய்வில் சேர்ந்து அதே பாடத்துக்குக் கற்பித்தல் உதவியாளர் ஆனாள். அப்பா செவ்வாய்தோறும் காக்கிச் சட்டையோடு அவள் வகுப்புக்குப் போய்ப் பின் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் எதற்குக் காத்திருக்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது. ஒருநாள் வகுப்பு கலைந்ததும் பக்கத்தில் வந்து, "ஐயா, ஒண்ணை வேணும்னு எடுத்துக்கிட்டு நாமளா விட்டதுதாங்க இங்க வரும். பறிபோனது வராதுங்க. செழியன் சார் அப்படித்தான் சொல்லிக்குடுத்தாரு" என்றாள்.

அப்பா அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான்தாம்மா விட்டேன்" என்றார். "ஆட்டோல எடம் இருந்துச்சு."

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் போனபோது, அந்த மழை நாளில் அப்பா ஆட்டோவில் ஏற்றியிருந்தால் பிழைத்திருக்கக்கூடிய செழியன் பின் பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தான். சட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும், "போலாமா?" என்று கேட்டார். "கொஞ்சம் இருப்பா, இன்னும் பேப்பர் இருக்குது" என்றான். அப்பா இருந்தார். ஆர்த்தி பலகையைத் துடைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் போனாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைகளில் வேலையில் இருப்பவனையும் நனையாதவனையும் அப்பாதான் வீட்டுக்கு ஏற்றி வருகிறார். பின் சீட்டின் இரண்டு ஓரங்களிலும் அவர்கள் ஒண்டி உட்காருகிறார்கள். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறது. மழை நாளில் யாராவது கை காட்டினாலும் அந்த இடத்துக்கு அப்பா சவாரி ஏற்றுவதில்லை. ஊரிலும் இப்போது யாரும் கை காட்டுவதில்லை.