காவேரிக்குச் சுருக்கம் விழுந்த கதை

தகடூர் ஒளிப்பட ரசிகர் மன்றத்தின் 1983ஆம் ஆண்டுச் சித்திரைப் போட்டியில் முதல் பரிசு வாங்கிய படத்தில், முந்தின ஆடியில் மஞ்சள் காமாலையில் செத்துப்போன காவேரி கூடையோடு நின்றுகொண்டிருந்தாள். படம் அந்தப் பங்குனியில் பாப்பாரப்பட்டிச் சந்தையில் எடுத்தது. எடுத்தவர் மன்றத் தலைவர் அப்துல் கனி, தருமபுரிக் கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருந்தவர். சேலத்திலிருந்து வந்த நடுவருக்குக் காவேரியைத் தெரியாது. தக்காளிக் குவியல்களுக்கு நடுவே முதுகைக் காட்டி நிற்கும் அந்தப் பெண் மட்டும் இல்லையென்றால் படம் ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருக்கும் என்று பாராட்டிவிட்டு, டிபன் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டார். மன்றத்துக்காரர்களுக்கு அவளைத் தெரியும். பாத்திரக்கடை மாடியில் கூட்டம் நடக்கும் ஞாயிறுகளில் அவர்கள் தின்ற போண்டாவெல்லாம் அவள் சுட்டுக் கொடுத்தனுப்பியதுதான். இடப்பக்கம் ஒதுங்கிய அந்தக் கொண்டையைக் கண்டதும் எல்லாரும் செயலாளர் மாதேஸ்வரனைத் திரும்பிப் பார்த்தார்கள். காவேரி அவன் மனைவி.

மாதேஸ்வரனுக்கு நல்லம்பள்ளியில் உரக்கடை. கடையில் இருந்த நேரத்தைவிடக் காமிராவோடு அலைந்த நேரம்தான் அதிகம். மன்றத்தில் முகப்படப் போட்டி என்றால் சுருக்கம்தான் பேச்சு. பொக்கை வாயும் குழி விழுந்த கண்ணும் கிடைத்தால் பாதிப் பரிசு கைக்கு வந்த மாதிரி. சுற்றுவட்டாரத்துக் கிழடுகளும் விவரமாகிவிட்டார்கள். காமிராவைக் கண்டதும் சட்டையைக் கழற்றிப்போட்டு வெயிலில் வந்து உட்கார்ந்து டீயும் பன்னும் கேட்டார்கள். அந்தக் காலத்தில்தான் ஒருநாள் காவேரி, "ஊர்ல இருக்கிற கெழவி அத்தினி பேரையும் எடுக்கறீங்க, என்னைய ஒண்ணு எடுங்களேன்" என்று கேட்டாள். அவளுக்கு வயது இருபத்தாறு. மாதேஸ்வரன் லென்சைத் துடைத்தபடி, "மொழுமொழுன்னு இருக்கிற மூஞ்சில எடுக்க என்ன இருக்குது? சுருக்கம் வுழுவட்டும், எடுக்கறேன். மொதல் பரிசே உனக்குத்தான்" என்றான். அவள் "சரி" என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போனாள். அடுத்த ஆடி முடிவதற்குள் ஆளே இல்லை.

கல்யாணத்தன்று ஸ்டுடியோக்காரர் எடுத்த ஃபிலிம் வெளிச்சம் பட்டு வீணாகியிருந்தது. ஆகவே வருஷாப்தியன்று மாலை போட வீட்டில் படம் இல்லை. சுவரில் ஆணியை அடித்து, ஆணிக்கே மாலை போட்டார்கள். மாவட்டத்துக் கிழவிகளையெல்லாம் சட்டம் போட்டு மாட்டியவன் பெண்டாட்டிக்கு ஒரு படம் எடுத்து வைக்கவில்லையே என்று சொந்தக்காரர்கள் காது படவே பேசினார்கள். அதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டான். நாலு வயதில் தாயை இழந்த மகள் வளர்மதி, "அம்மா எப்பிடிப்பா இருக்கும்?" என்று கேட்க ஆரம்பித்ததைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. சொல்லிப் பார்த்தான். மூக்கு, நெற்றி, இடது புருவத்தில் கிணற்றுக் கயிறு இழுத்த வெட்டு என்று ஒவ்வொன்றாகச் சொன்னானே தவிர, எல்லாம் சேர்ந்து ஒரு முகமாக அவனுக்கே வரவில்லை.

அதற்குப் பிறகு காவேரி மன்றத்தில் எல்லாருடைய படத்திலும் விழுந்தாள். ஒகேனக்கல் பரிசல் துறையில், தேர்த் திருவிழாக் கூட்டத்தில், மாட்டுச் சந்தையில். அவள் விழுந்த படத்துக்கு மதிப்பெண் கூட்டுவதும் இல்லை, குறைப்பதும் இல்லை என்று மன்றம் தீர்மானம் போட்டது. மாதேஸ்வரன் படங்களில் மட்டும் அவள் வரவேயில்லை. அப்துல் கனியும் அவனும் தோளோடு தோள் ஒட்டி நின்று ஒரே நேரத்தில் அமுக்கிப் பார்த்தார்கள். கனியின் படத்தில் சுவரோரம் காவேரி நின்றாள். மாதேஸ்வரன் படத்தில் சுவர் இருந்தது. அன்று அவன் படம் கழுவுகிற தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதான்.

1985இல் சென்றாயன் என்ற உறுப்பினர் தொப்பூர்க் கணவாயில் லாரிகள் வளைந்து ஏறுவதை எடுத்தார். ஓரத்துச் சாப்பாட்டுக்கடை பெஞ்சில் காவேரி பக்கவாட்டில் உட்கார்ந்திருந்தாள். முகம் முதன்முறையாகத் தெரிந்தது. மாதேஸ்வரன் அதைப் பெரிதாக்கிப் பார்த்தான். காதோரம் நரைத்திருந்தது. அடுத்த பொங்கல் படத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. பங்குனிப் படத்தில் கூன் விழுந்திருந்தது. செத்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, நாற்பது வருஷம் போயிருந்தது. அவன் பயந்துபோனான். பட்டப்பகலில் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று, "போதும் காவேரி, இருந்தாப்பலயே வா" என்று கெஞ்சினான். அவள் கேட்டதாகத் தெரியவில்லை.

"மாதேசு, அந்தப் புள்ளைக்கு நீ என்னப்பா வாக்கு குடுத்த?" என்று அப்துல் கனி கேட்டார். மாதேஸ்வரன், அவள் படம் கேட்டுவிட்டு முறத்தோடு போன நாளைச் சொன்னான். கனி பங்குனிப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பார்த்தார். பிறகு, "அப்ப அது சொன்ன சொல்லக் காப்பாத்துது. வர்ற அன்னைக்கு நீ வேணாம்னு சொல்லிராத" என்றார்.

1986 ஆண்டுவிழாவுக்கு முகப்படம் என்று தலைப்பு வைத்தார்கள். மாதேஸ்வரன் காலை வெயில் சாய்ந்து விழும் மாட்டுக்கொட்டகைச் சுவரோரம் ஒரு முக்காலியைப் போட்டு, எதிரே காமிராவை நிறுத்தினான். முக்காலி காலியாகத்தான் இருந்தது. இருக்கட்டும் என்று, தலை எவ்வளவு உயரத்தில் வரும் என்பதை மனதில் நினைத்துக்கொண்டு, "கொஞ்சம் மொகத்த நிமுத்து" என்று சொல்லி அமுக்கினான். ஜன்னலில் சாக்குத் தொங்கிய குளியலறையில், சிவப்பு பல்பு வெளிச்சத்தில், வளர்மதி பக்கத்தில் நின்று பார்க்க, தட்டுத் தண்ணீரில் முதலில் புருவத்து வெட்டு வந்தது. பிறகு நெற்றிக் கோடுகள், உழுத நிலம் மாதிரிக் கன்னம், பொக்கை வாய். அவனுக்கு வேண்டியிருந்தது இருபத்தாறு வயது முகம். அது இனி வராது என்று அப்போதுதான் அவனுக்கு முழுதாக உறைத்தது. வளர்மதி தட்டின்மேல் குனிந்து, "அம்மா சிரிக்குதுப்பா" என்றாள். ஆமாம், சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

முதல் பரிசு அந்தப் படத்துக்குத்தான். நடுவர் ஒவ்வொரு கோட்டையும் எண்ணிவிடலாம் போல இருக்கிறதென்று வியந்து, இந்தப் பாட்டி யாரென்று கேட்டார். "எங்க வூட்டுக்காரிங்க" என்றான் மாதேஸ்வரன். நடுவர் முப்பத்தெட்டு வயதுக்காரனையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தார். சுற்றி இருந்த யாரும் சிரிக்காததால் கோப்பையை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

படம் ஆணிக்கு வந்தது, மாலை படத்துக்கு வந்தது. வளர்மதி பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகளைக் கூட்டிவந்து, இதுதான் எங்கள் அம்மா என்று காட்டினாள். அதற்குப் பிறகு காவேரி யார் படத்திலும் விழவில்லை. அப்துல் கனியின் சந்தைப் படங்கள் ஒரு பக்கமாகச் சாயத் தொடங்கின. மாதேஸ்வரன் சவரம் செய்யும்போதெல்லாம் கண்ணாடிக்கு வெகு அருகில் போய்க் கண்ணோரத்தைப் பார்த்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, "பாய், இன்னும் முப்பது வருசம் போவட்டும். எனக்கும் சுருக்கம் வுழுந்ததும், எங்க ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு நீங்க ஒரு படம் எடுத்துத் தரணும்" என்று கேட்டான். அப்துல் கனிக்கு அப்போது வயது அறுபத்தொன்று. அவர் கணக்கொன்றும் போடவில்லை.

"எடுத்துட்டாப் போவுது" என்றார். "காலை வெயில்ல வாங்க. அப்பத்தான் ரெண்டு மூஞ்சியும் நல்லா வுழும்."