முதல் கூப்பாடு

ஜெபசீலனைக் கட்டிக்கொள்கிறேனா இல்லையா என்று பொதிகையிலிருந்து இறங்குவதற்குள் நான் சொல்லியாக வேண்டும். அண்ணன் தேவதாசன் வைத்த கெடு அது. உச்சி வரை ஏற வேண்டுமென்பது என் ஆசை. இரண்டையும் ஒரே நடையில் முடித்துவிடலாம் என்று அவன் நினைத்தான்.

அந்த 1913 மாசியில் எனக்கு இருபத்திரண்டு வயது. எங்கள் குடும்பத்தில் பெயருக்குப் பின்னால் பி.ஏ. போட்ட முதல் ஆள் நான். பாளையங்கோட்டையில் பெண்பிள்ளைகளுக்குப் பூகோளம் நடத்தினேன். அப்பா பனையேறினவர். ஜெபசீலன் வீடோ மூன்று தலைமுறையாகச் சபைக் குருமார் வீடு. அவரும் பி.ஏ.தான். “நமக்குள் அத்தான், இந்தாங்க என்பதெல்லாம் வேண்டாம், இன்பமணி. என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு” என்று கடிதத்தில் எழுதியிருந்தார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் முடியாது என்று சொல்லாமல் இருந்தேன்.

மலைவாசிகளான காணிக்காரர் குடியிருப்பிலிருந்து அண்ணனும் ஜெபசீலனும் நானும் இருட்டோடு கிளம்பினோம். வழிகாட்ட மல்லன் காணி வந்தார். அட்டைக்குப் பயந்து கால்களில் புகையிலைச் சாறு பூசியிருந்தோம். அட்டை ஏறத்தான் செய்தது. ஐந்து மணி நேர ஏற்றத்துக்குப் பின் ஓர் ஓடைக்கரையில் அண்ணனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீங்க போயிட்டு வாங்க. ஏட்டி, வரும்போது நல்ல வார்த்தையாக் கொண்டு வா” என்றான்.

அதன்பின் மரங்கள் குட்டையாகிப் புதராயின. கடைசியில் வெறும் பாறை. மல்லன் வழி பார்க்க முன்னே போனார். அவருக்குப் பின்னால் ஜெபசீலன். நான் கடைசி. அண்ணனின் பழைய பூட்சு வழுக்கியதால் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தேன்.

பாதிப் பாறையில் மேகம் வந்து மூடியது. நீட்டிய கை எனக்கே தெரியவில்லை. கால் வைக்க அரையடி இடம். எந்தப் பக்கம் போவது? கீழிருந்து காற்று புடவையைத் தூக்கியதில் பள்ளம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரிந்தது.

“ஜெபசீலன்” என்று கூப்பிட்டேன். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்பது போல, ஒரே தடவை. ஓர் ஆண்பிள்ளையை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல்.

பதில் இல்லை. தலைக்கு மேலே, இரண்டாள் உயரத்தில், இருமல் கேட்டது. காலையிலிருந்தே அவருக்குச் சளி. இரும முடிந்த வாய்க்கு ‘இங்கே’ என்று சொல்ல முடியவில்லை.

இன்னொரு முறை கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. திமிர் என்பாள் அம்மா. திமிர்தான்.

தடவியதில் வலப்பக்கம் ஒரு வெடிப்பு அகப்பட்டது. முதுகை ஒரு பக்கமும் முழங்காலை மறுபக்கமும் கொடுத்து ஏறினேன். நகம் பெயர்ந்தது. அழுகை வந்தது, கண்ணைத் துடைக்கக் கை ஒழியவில்லை.

உச்சியில் யாரும் இல்லை. அங்கிருந்து பார்த்தால் தாமிரபரணி ஏரல் வரைக்கும் தெரியும் என்று பிள்ளைகளிடம் அளந்திருக்கிறேன். எல்லாம் ஒரே வெள்ளை. ஏறிவிட்டேன் என்று யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரிடம் என்று யோசித்தேன். ஒரு முகமும் வரவில்லை.

வெகுநேரம் கழித்து மல்லன் ஜெபசீலனைக் கைபிடித்துக் கூட்டிவந்தார். மல்லன் திரும்பி வரும்வரை அவர் நின்ற இடத்திலேயே நின்றிருக்கிறார். கூப்பிட்டது கேட்டதா என்று ஜெபசீலனிடம் கேட்டேன்.

“காட்டுல முதல் கூப்பாட்டுக்கு ஏன்னு கேக்கக் கூடாது. பேயின்னா ஒரு தடவைதான் கூப்பிடும். நீ மூணு தடவை கூப்பிட்டிருக்கணும். இவங்க வழக்கமும் அதுதான்” என்றார். ஞாயிறுதோறும் மூடநம்பிக்கையைக் கண்டித்துப் பேசுகிறவர்.

“எங்க வழக்கம் அது இல்ல” என்றார் மல்லன். “மலையில கூப்பிட்டா உடனே குரல் கொடுக்கணும். நான் தூரத்துல இருந்து கூவினேன். காத்து கொண்டுபோயிருச்சு. சார் பக்கத்துலதான் நின்னாங்க.”

ஜெபசீலன் என்னைத் தனியே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஒரு காணிக்காரன் கேக்க, வேலைக்காரனைக் கூப்பிடுத மாதிரி பேரைச் சொல்லிக் கூப்பிட்டா நான் எப்படி ஏன்னு கேப்பேன்? கடிதத்துல எழுதினது நாம ரெண்டு பேரும் இருக்கும்போது.”

“அந்தப் பாறையில நாம ரெண்டு பேருந்தான் இருந்தோம். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம்” என்றேன்.

ஓடைக்கரையில் அண்ணன் முகம் மலர எழுந்தான். சொன்னேன். “நம்ம வீட்டுக்கு இனி எவன் வருவாம்ட்டி?” என்றான். எவனும் வரமாட்டான் என்று எனக்கும் தெரியும். அண்ணன் திரும்பிக்கொண்டான். கால் நோவை மறந்து, ஜெபசீலனோடு சேர்ந்து முன்னால் நடந்தான்.

மேகம் எங்களுக்கு முன்பே இறங்கியிருந்தது. வளைவுக்கு வளைவு குரல் கொடுத்துக்கொண்டே வரச் சொல்லியிருந்தார் மல்லன். கொடுத்தேன். யார் பெயரையும் சொல்லவில்லை, வெறும் ‘ஓ’தான். மல்லன் ஒருவர்தான் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னார்.