சுர்பூகனின் ரவை மெசின்

சமையலறைக்காரனுக்கு மத்தியானம் மூன்று மணித்தியாலம் ஓய்வு. இந்த நாட்டு வழக்கம் அது. இரண்டு மணிக்குக் கோப்பை கழுவி முடித்தால் ஐந்து மணிவரை கட்டிலில் கிடக்கலாம். 'சிம்மர்ஸ்துண்டே' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்திருக்கிறார்கள். எண்பத்தாறாம் ஆண்டு முழுக்க, இன்டர்லாக்கனில், என்னுடைய ஓய்வு உணவகத்தின் நிலவறையில்தான் கழிந்தது. முதலாளி சுர்பூகனுக்கு ரவை செய்துகொண்டிருந்தேன். உப்புமா கிண்டுகிற ரவை இல்லை, துவக்கில் போட்டுச் சுடுகிற ரவை.

சுர்பூகன் ஊர்ச் சூட்டுக் கழகத்தில் பெரிய ஆள். சுட்டு முடிந்த வெறுங்கோதுகளைச் சாக்கில் பொறுக்கி வந்து, திரும்ப மருந்து போட்டு, சன்னம் வைத்து அழுத்திப் புது ரவையாக்குவான். அதற்கு மேசையில் ஒரு கைப்பிரெஸ் பூட்டியிருந்தான். இழுத்து இழுத்து அவனுக்குத் தோள் நோவு வந்துவிட்டது. "நித்தி, நீ இழுக்கிறியா?" என்று கேட்டான். நான் "யா" என்றேன். டொச் மொழியில் ஓம் என்று அர்த்தம்.

அந்த 'யா'வுக்கு மரியதாஸைத்தான் உதைக்க வேண்டும். எனக்கு ஒரு வருடம் முந்தி வந்தவன். ரயிலடியில் வைத்தே சொல்லித்தந்தான். "அண்ணை, அகதி வழக்கு முடியுமட்டும் முதலாளி என்ன கேட்டாலும் 'யா' எண்டு சொல்லுங்கோ. வழக்குக்கு அவன்ர வேலைக் கடிதம் வேணும்."

என் தம்பி பாலச்சந்திரனை யாழ்ப்பாணத்தில் ஆமி சுட்டது எண்பத்திநாலில். பாண் வாங்கச் சைக்கிளில் போனவன். ஒரேயொரு ரவை. அதைப்போல நான் மணித்தியாலத்துக்கு நூறு செய்தேன். ஒவ்வொன்றையும் கையில் எடுக்கும்போது அவன்தான் நினைவில் வந்தான். அதைச் சொல்ல என்னிடம் டொச் இல்லை.

ஒக்டோபரில் விசாரணைக் கடிதம் வந்தது. டிசம்பர் தொடக்கத்தில் திகதி. மரியதாஸ் கடிதத்தை வாசித்துவிட்டு என் விரல்களைப் பார்த்தான்.

"நகமெல்லாம் என்னண்ணை கறுப்பு?"

"கோதில இருக்கிற மருந்துக் கரி."

"விசரோ உங்களுக்கு? வெடிமருந்து தொட்டனீங்களோ எண்டு கட்டாயம் கேப்பாங்கள். ஓம் எண்டால் இயக்கத்துப் போராளி எண்டு எழுதித் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"எல்லாம் உன்ர 'யா'வால வந்ததுதான்ரா!" என்று கத்தினேன்.

அன்றைக்கே சுர்பூகனிடம் போனேன். 'மாட்டேன்' என்று சொல்ல வாய் வரவில்லை. விரல்களையும் கடிதத்தையும் மாறிமாறிக் காட்டினேன். அவனுக்குக் கண் மின்னியது. "ஊரில நீ லேத் பட்டறைக்காரன் தானே? மோட்டர் பூட்டு. பிறகு ஒருத்தன்ர கையும் படத் தேவையில்லை."

எனக்கும் ஆசை வந்தது. சுத்தமான கையோடு விசாரணைக்குப் போகலாம் என்று நம்பினேன். ஆறு கிழமை பாடுபட்டேன். மோட்டர், செயின், கோது தானாக விழுகிற குழாய் என்று அவன் வாங்கிக் குவித்த காசுக்கு, ஆயுள் முழுக்கச் சுடக் கடையில் புது ரவை வாங்கியிருக்கலாம்.

மெசின் ஓடியது. இருபது ரவை ஒழுங்காக வரும், இருபத்தோராவது சிக்கும். நிறுத்தி, நசுங்கிய கோதைப் பிடுங்கி, சிந்திய மருந்தைக் கூட்டி, திரும்ப ஓடவிட வேண்டும். கையால் இழுத்தபோது ஒரு கோது சரிந்து நின்றால் உள்ளங்கைக்கே தெரியும். மோட்டருக்கு உள்ளங்கை ஏது? சுர்பூகன் மணிக்கூட்டோடு நின்று, "மணித்தியாலத்துக்கு நானூறு!" என்று துள்ளினான். ஓடிய நிமிடங்களை மட்டும் எண்ணினான் அந்த மூதேவி. சிக்கிய நிமிடங்கள் என்னுடையவை, அவை அவன் கணக்கில் வரவில்லை. நகத்தில் இருந்த கறுப்பு மணிக்கட்டுவரை ஏறியது.

விசாரணைக்கு முதல்நாள், கழகப் போட்டிக்கு அறுநூறு வேண்டும் என்றான். பல்லைக் கடித்துக்கொண்டு "யா" என்றேன்.

மறுநாள் அதிகாரிக்கும் எனக்கும் நடுவில் செல்வராணி என்ற பெண் மொழிபெயர்க்க இருந்தாள். தம்பி சுடப்பட்டதை நேரில் கண்டேனா, மரணச் சான்றிதழ் இருக்கிறதா என்று அதிகாரி கேட்டார். இரண்டே கேள்வி. என் தம்பி இரண்டு வரியில் முடிந்துபோனான்.

"வெடிமருந்து கையாண்டனீங்களோ எண்டு கேக்கிறார்," என்றாள் செல்வராணி.

இல்லை என்று சொல்லத்தான் வந்திருந்தேன். பழகின வாய் முந்திக்கொண்டது. "யா."

அதிகாரி பேனையை நிமிர்த்தினார். எங்கே, யாழ்ப்பாணத்திலா என்றார்.

"இஞ்சதான், இன்டர்லாக்கனில." நிலவறை, பிரெஸ், மோட்டர் எல்லாவற்றையும் கொட்டினேன். வழக்கு முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் பேனையைக் கீழே வைத்தார். கதிரையை முன்னுக்கு இழுத்துக்கொண்டு கேள்விமேல் கேள்வி கேட்டார். என்ன மோட்டர்? எத்தனைக்கு ஒருதரம் சிக்கும்? ஆறு கிழமையும் முழுதாகப் போனதா? செல்வராணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "தானும் கழகத்தில சுடுறவராம். வீட்டில மோட்டர் பூட்ட யோசிக்கிறாராம். நேரத்துக்கும் காசுக்கும் பெறுமதியோ எண்டு கேக்கிறார்."

எனக்கு ஆத்திரம் உச்சியில் ஏறியது. கறுத்த கை இரண்டையும் மேசையில் வைத்து, அவருடைய கண்ணைப் பார்த்து, "நைன்" என்றேன். இந்த நாட்டில் நான் சொன்ன முதல் இல்லை அது.

பிறகு செல்வராணியிடம் திரும்பினேன். "பேனையை எடுக்கச் சொல்லு, பிள்ளை. என்ர தம்பியைப் பற்றி இன்னும் கேக்கச் சொல்லு."