திறப்பு விழாக் கண்

ஒரு தேசம் தன் குடிமக்களின் கண்களைத் திறந்துவைக்கும் நாளில்தான் அதன் வரலாற்றில் விடியல் எழுதப்படுகிறது. இந்த வாக்கியத்தைப் பேசியவர் அமைச்சர். எழுதிக்கொடுத்தவர் துணை இயக்குநர். கைதட்டல் அடங்கியபோது, சுவருக்கு அந்தப் பக்கம் ஆப்பரேஷன் அறையில் ஒரு கண்ணும் திறக்கப்பட்டிருக்கவில்லை. மெஷினில் கேசட் உட்காரவில்லை.

துணை இயக்குநர், நாட்டிலுள்ள அரசு மருத்துவமனைகளுக்கெல்லாம் கண்புரை ஆப்பரேஷன் சாமான்கள் வாங்கும் பிரிவின் தலைவர். லென்ஸ், கத்தி, மெஷின் எதுவானாலும் அவர் கையெழுத்தில்தான் நகரும். விற்கிறவர்கள் பலர், மொத்தமாக வாங்குகிறவர் இவர் ஒருவர். ஆகவே இவர் தும்மினால் கம்பெனி மேலாளர்கள் வரிசையில் நின்று கைக்குட்டை நீட்டுவார்கள். டீ வாங்கிவரச் சொல்வதையும் ஒரு முன்னுரையோடு சொல்கிறவர் என்பதால் அலுவலகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் ‘பொன்மொழி’.

அந்தப் பொன்மொழிக்கு ஓர் அக்கா இருந்தாள். பள்ளிக்கூடச் சீருடை தைத்தே கண்ணைத் தேய்த்தவள். இரண்டு கண்ணிலும் புரை முற்றி, பாலில் மூழ்கிய திராட்சை மாதிரி இருந்தது. வெளிச்சம் தெரியும், ஆள் வந்து நிற்பது தெரியும், வந்தது யார் என்பது குரலில்தான் தெரியும்.

அவளுடைய கணவருக்கோ குரல் இல்லை. அத்தான் லாரி ஓட்டியவர். பிரேக்கை நம்பியதைவிட வாயை நம்பி ஓட்டியவர். தொண்டையில் புற்று வந்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஓர் ஓட்டை, அதில் காற்று போய்வரும். பேச்சு உதட்டோடு நின்றுவிட்டது. ஆனால் பல்செட்டை மாட்டிக்கொண்டால் அந்த உதடு தெளிவாகப் பேசும். பால்காரன் முதல் பக்கத்து வீட்டம்மா வரை எல்லோரும் அதைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். புரியாத ஒரே ஆள் பெண்டாட்டி.

கல்யாணமான நாளிலிருந்து ஓயாமல் சண்டை போட்டுவந்த தம்பதி. அந்தச் சண்டை இப்போது நடுவழியில் நின்றுபோயிருந்தது. அக்கா திட்டுவாள், அத்தான் பதிலுக்குக் கட்டிலின் இரும்புக்காலைக் கரண்டியால் தட்டுவார். ஒருமுறை தட்டினால் தண்ணீர், இரண்டு தட்டினால் கஞ்சி. அதற்குமேல் விடாமல் தட்டினால் அது திட்டு.

“ஏதோ சொல்ல வர்றாருடா,” என்றாள் அக்கா, தம்பி வந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. “ரெண்டு மாசமா ஆரம்பிக்கிறாரு. நானும் இவங்களைக் கூப்பிட்டு என்னன்னு கேட்டுச் சொல்லச் சொல்றேன். இவங்க முகத்தைப் பாத்ததும் வாயை மூடிக்கிறாராம்.”

‘இவங்க’ என்பது பக்கத்து வீட்டம்மா. கதவோரம் நின்றிருந்த அவள், “ஆமாங்க சார். என்னைப் பாத்தா ‘நீ போ, அவ கண்ணு சரியாகட்டும்’ங்கிறாரு. நமக்கென்ன, புருஷன் பெண்டாட்டி விஷயம்,” என்றாள். போகவில்லை.

“டாக்டர் என்ன சொல்றாரு?”

“மறுபடி வந்திடுச்சாம். இனி வெட்டுறதுக்கு இடமில்லையாம்.” அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “நம்ம ஆஸ்பத்திரி கண் டாக்டரம்மா வர்ற புதன்கிழமை வரச்சொல்லியிருக்காங்க. கையாலயே பண்ணிடலாமாம். போயிட்டு வந்திடறேன்டா.”

துணை இயக்குநர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“கையாலயா? அதெல்லாம் போன தலைமுறைக்கா. நாடு முழுக்கப் புது மெஷின் வருது. கத்தியால பெரிசா கீற வேணாம், ஊசி நுழையற ஓட்டையில புரையைக் கரைச்சு உறிஞ்சிடும். உங்க ஆஸ்பத்திரியிலதான் தொடக்க விழா. அமைச்சரே வர்றாரு. முதல் கண்ணு உன் கண்ணு!”

“எப்படா?”

“அடுத்த மாசம்.”

கட்டிலில் அத்தானின் உதடுகள் அசைந்தன. பக்கத்து வீட்டம்மா முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தாள்: “‘ஆபீசர், உங்க மெஷின் வர்றதுக்குள்ள என் வண்டி கிளம்பிடும்’ங்கிறாரு.”

“அத்தானுக்கு எப்பவும் கிண்டல்தான்,” என்று துணை இயக்குநர் சிரித்தார். மற்றவர்கள் யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அக்கா ஒப்புக்கொண்டாள். தம்பி நாட்டுக்கே கண் மெஷின் வாங்குகிறான் என்று தெருவெல்லாம் சொல்லிவைத்தவள் அவள். தம்பியின் விழாவுக்குத் தானே வராமல் போனால் எப்படி? புதன்கிழமைக்கு வைத்திருந்த ஆப்பரேஷனை மறுநாளே போன் போட்டு ரத்து செய்தவர் துணை இயக்குநர்தான்.

அந்த மெஷினின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஆப்பரேஷனுக்கும் ஒரு பிளாஸ்டிக் கேசட் செருக வேண்டும். தண்ணீர் உள்ளே போவதும் கசடு வெளியே வருவதும் அதன் வழியாகத்தான். கம்பெனிக்காரர்கள் மெஷினை அடிமாட்டு விலைக்குக் கொடுத்துவிட்டுக் கேசட்டில் கறப்பார்கள். மாட்டைச் சும்மா கொடுத்துவிட்டு மடிக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொள்கிற வியாபாரம். இதை உடைப்பேன் என்று துணை இயக்குநர் சபதம் எடுத்தார். மெஷினை ஒரு டெண்டரிலும் கேசட்டை வேறொரு டெண்டரிலும் வாங்குவது. எந்தக் கம்பெனி எதில் மலிவோ அதில் அதை. கேட்டவர்கள் மலைத்துப்போனார்கள். உண்மையிலேயே நல்ல யோசனை.

டெண்டர் வரைவில் முதலில் ஒரு வரி இருந்தது: ‘கேசட், மேற்படி மெஷினுடன் பொருந்த வேண்டும்.’ கமிட்டியில் ஒரு சட்ட ஆலோசகர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “பொருந்தணும்னு கண்டிஷன் போட்டா, பொருந்துற கம்பெனிக்குத்தானே சாதகம்? மத்தவங்க கோர்ட்டுக்குப் போவாங்க,” என்றார். கமிட்டி யோசித்தது. நியாயமாகப் பட்டது. போட்டியைக் குறைக்கும் வரி என்று அதை நீக்கினார்கள். நீக்கியதைப் பாராட்டி ஒரு தீர்மானமும் போட்டார்கள். தீர்மானத்தின் வாசகம் துணை இயக்குநருடையது.

விழா நாளன்று அக்கா புதுச்சேலை கட்டி வந்தாள். அதைக் கழற்றி ஆஸ்பத்திரி அங்கி மாட்டிவிட்டார்கள். வலது கண்ணில் புருவத்துக்குக் கீழே ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். பச்சைத் துணிக்கடியில் படுத்துக்கொண்டு, அடுத்த ஹாலில் ஒலிபெருக்கியில் அமைச்சர் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நர்ஸ் கேசட்டைச் செருகினாள். வழுக்கி வெளியே வந்தது. திருப்பிச் செருகினாள். மெஷின் கீச்சென்று கத்தித் திரையைச் சிவப்பாக்கியது.

மெஷின் கம்பெனி இன்ஜினியரும் கேசட் கம்பெனி ஆளும் அறை வாசலில் டையோடு நின்றிருந்தார்கள். துணை இயக்குநர் வியர்வையோடு வெளியே வந்து பல்லைக் கடித்தார்.

“என்னய்யா இது?”

“எங்க மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார்,” என்றார் இன்ஜினியர். “எங்க கேசட் போட்டா பூ மாதிரி ஓடும்.”

“எங்க கேசட்டும் முதல் தரம் சார்,” என்றார் மற்றவர். “எங்க மெஷின்ல போட்டுப் பாருங்க.”

“ரெண்டும் சேந்து ஓடணும்யா!”

“கல்யாணம் ஒருத்தரோட, குடித்தனம் ஒருத்தரோடன்னு நீங்கதானே சார் முடிவு பண்ணீங்க,” என்றார் இன்ஜினியர், மிகுந்த பணிவோடு.

கண் டாக்டர் கையுறையோடு வாசலுக்கு வந்தார். இருபது வருஷமாகக் கையாலேயே புரை எடுத்துவந்தவர். கோபத்தை முகமூடிக்குள் வைத்துக்கொண்டு பேசினார்.

“சார், கண்ணு மரத்தாச்சு. பழைய லென்ஸ் ஸ்டாக் இருக்கு. நான் கையாலயே முடிச்சிடறேன். அரை மணி நேரம் குடுங்க.”

“அமைச்சர் இப்ப உள்ள வருவாரு மேடம்.”

“வரட்டும். காத்திருக்கட்டும்.”

“காத்திருக்கறதா? அதோட, மெஷின் திறப்பு விழாவுல முதல் ஆப்பரேஷனைக் கையால செஞ்சா, அப்புறம் மெஷின் எதுக்குன்னு பேப்பர்காரன் கேப்பான்.”

“உள்ள படுத்திருக்கறது உங்க அக்கா சார்.”

துணை இயக்குநர் ஒரு கணம் கதவைப் பார்த்தார். வாழ்நாளில் முன்னுரை இல்லாமல் அவர் முடிவெடுத்தது அப்போதுதான். “நாளைக்குக் காலையில கையால செஞ்சிடுங்க. இன்னிக்கு வேணாம்.”

டாக்டர் கையுறையைக் கழற்றினார். பிறகு, “மரத்த கண்ணைத் திறந்து விடக்கூடாது. எப்படியும் கட்டு போட்டுத்தான் அனுப்பணும். அவங்ககிட்ட விஷயத்தை நீங்களே சொல்லிடுங்க,” என்றார்.

“சொல்லிடறேன்.”

ஆக, யாரும் பொய் சொல்லவில்லை. கட்டு போட்டது மருத்துவம். கட்டோடு சக்கர நாற்காலியில் வந்தவளை அமைச்சர் தோளில் தட்டி, “வாழ்த்துகள் அம்மா!” என்றார், அது நாகரிகம். போட்டோ எடுத்தார்கள், அது வழக்கம். பயனாளிகள் பட்டியலில் ‘வலது கண், முடிந்தது’ என்று ஓர் இளம் அலுவலர் கம்ப்யூட்டரில் ஏற்றினார். அவருக்கு அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

காரில் வீட்டுக்குக் கூட்டிப்போகும்போது சொல்லிவிடுவதாகத்தான் துணை இயக்குநர் நினைத்திருந்தார். “அக்கா, ஒரு சின்ன விஷயம்...” என்று ஆரம்பிக்கவும் செய்தார்.

“டேய், என்னா மெஷின்டா!” அக்கா அவர் கையைத் தேடிப் பிடித்தாள். “ஊசி குத்தினதுதான் தெரிஞ்சுது. அதுக்கப்புறம் கத்தி பட்டதா, கை பட்டதா, ஒண்ணுமே தெரியல. தொட்ட மாதிரியே இல்லடா!”

அவர் வாயை மூடிக்கொண்டார்.

“நாளைக்குக் கட்டுப் பிரிச்சதும் அவர் எதிர்லதான் முதல்ல போய் உக்காரணும். ரெண்டு மாசமா மென்னு முழுங்கிட்டிருக்காரு மனுஷன். எதைச் சொல்லப் போறாரோ. மன்னிப்புக் கேட்டா ஒத்துக்கமாட்டேன்னு சொல்லி வெச்சிருக்கேன்.” அக்கா சிரித்தாள். “திட்டினாலும் பரவால்ல. பாத்துக்கிட்டே திட்டு வாங்கணும்.”

வீட்டில் அத்தானிடமும் அதையே சொன்னாள். “ஒரு ராத்திரி பொறுங்க. நாளைக்கு எல்லாத்தையும் சொல்லுங்க. ஒண்ணு விடாம.” கட்டில்கால் ஒருமுறை தட்டப்பட்டது. அவள் தண்ணீர் கொண்டுபோனாள். அவர் குடிக்கவில்லை.

மறுநாள் காலை அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக, வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிட, துணை இயக்குநர் வந்தபோது தெருவிலேயே பக்கத்து வீட்டம்மா எதிர்கொண்டாள். “சார், சீக்கிரம். மூச்சு வேற மாதிரி இருக்கு. டாக்டருக்குச் சொல்ல ஓடுறேன்.”

அத்தான் தலையணையில் சரிந்து கிடந்தார். கழுத்து ஓட்டையில் காற்று விசில் மாதிரி போய்வந்தது. அவர் கை அக்காவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. உதடுகள் அசைந்துகொண்டேயிருந்தன.

“வந்துட்டியாடா? இவர் என்னமோ சொல்றாரு, இவ்வளவு நாள் சொல்லாதது. கட்டை அவுத்துடறேன்டா. நேரம் ஆகலன்னாலும் பரவால்ல.”

“வேணாம்க்கா, இரு...”

அதற்குள் அவள் பிளாஸ்திரியை உரித்துவிட்டாள். பஞ்சு மடியில் விழுந்தது. முகத்தை அத்தானின் முகத்துக்கு அருகே கொண்டுபோனாள். இன்னும் அருகே. மூக்கு உரசும் தூரம்வரை போய் நின்றாள்.

பால்தான். முன்பிருந்த அதே பால்.

“ஐயோ,” என்றாள் மெதுவாக. “அவசரப்பட்டுட்டேன்டா. நேரத்துக்கு முன்னால பிரிச்சு நானே கெடுத்துட்டேன். கவர்மென்ட் அவ்வளவு செலவு பண்ணி... உன் பேரைக் கெடுத்துட்டேனேடா!”

உண்மையைச் சொல்ல அதுதான் இடம். துணை இயக்குநர் கட்டில்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அக்கா தலையைத் திருப்பினாள். “சரி, நீயாவது பாத்துச் சொல்லு. கூச்சப்படாத. இப்ப சொல்றாரு பாரு, என்ன சொல்றாரு? சொல்லுடா!”

அத்தானின் உதடுகள் அசைந்தன, நின்றன, மறுபடி அசைந்தன. அவர் கண் மட்டும் அக்காவிடமிருந்து நகரவில்லை.

“‘உன்னோடு வாழ்ந்த நாட்களே...’” துணை இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “‘உன்னோட வாழ்ந்த நாட்களே என் வாழ்வின் ஒளி’ங்கிறாரு.”



“இவரா? ‘ஒளி’ன்னா சொல்றாரு?”

“ஆமாக்கா.”

“இவரு வாய்ல அந்த வார்த்தை நுழையாதேடா,” என்றாள். பிறகு, “வேற என்ன சொல்றாரு? இன்னும் அசையுதா?” என்று கேட்டுக்கொண்டே விரல்களால் அவர் உதட்டைத் தடவிப் பார்த்தாள். அப்போது அது அசைந்துகொண்டிருந்தது. அவள் விரல் அங்கேயே இருந்தபோது நின்றது.

அமைச்சரும் கட்டுப்போட்ட அக்காவும் இருக்கும் படம் துறையின் ஆண்டறிக்கை அட்டையில் வந்தது. கேசட்டும் மெஷினும் பொருந்தாதது குறித்து ஆராய ஒரு கமிட்டி போட்டார்கள். அதன் தலைவராகத் துணை இயக்குநரே நியமிக்கப்பட்டார், விஷயம் தெரிந்தவர் என்பதால்.

சில மாதங்கள் கழித்து அக்காவின் இடது கண்ணில் கண் டாக்டர் கையாலேயே புரை எடுத்தார். வலது கண்ணில் எடுக்க முடியவில்லை. அது ஏற்கெனவே முடிந்த கண் என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. ஏன் என்று அக்கா கேட்டாள். டாக்டர் மறைக்காமல் சொன்னார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டாள். தம்பியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை.

கட்டுப் பிரித்த அன்று தம்பி ஆப்பிள் பையோடு வந்து எதிரே உட்கார்ந்தார். அக்கா அவரையே பார்த்தாள். இடது கண் நன்றாகத் தெளிந்திருந்தது.

“இளைச்சுட்டேடா,” என்றாள். பிறகு கேட்டாள்: “இப்பவாவது சொல்லு. அன்னிக்கு அவரு நெசமா என்ன சொன்னாரு?”

துணை இயக்குநர் வாயைத் திறந்தார். முன்னுரைகூட வரவில்லை.

அத்தான் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரியாது. மூச்சுத் திணறுகிறது என்று பக்கத்து வீட்டம்மா அன்று காலையே அத்தானின் பல்செட்டைக் கழற்றி வைத்துவிட்டிருந்தாள்.